பாடபேதமும் வானொலிப் பெட்டியும்

ஒரே பெயரைத் தாங்கி, ஒரே கம்பனியிலிருந்து புறப்பட்டு, ஒரே வடிவான மரக்கூட்டுக்குள் அடங்கியிருக்கும் இரண்டு வானொலிப் பெட்டிகள் உள்ளேயும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் பழைய வானொலிகளைத் திருத்தும் தொழிலில் சில வருஷங்கள் பழகியவர் எவரும் அந்த எண்ணத்தை நெடுநாள் வைத்திருப்பதில்லை. பெட்டிக்குப் பெட்டி சுற்று மாறும். சுற்று மாறும்போது அதற்குரிய திருத்தக் கைந்நூலும் மாறும். எந்தக் கைந்நூல் எந்தப் பெட்டிக்கு உரியது என்ற கணக்குத் தவறிவிட்டால், நூலே இல்லாதவனைக் காட்டிலும் தவறான நூலை நம்பியவனே பெட்டிக்கு அதிகத் தீங்கு செய்துவிடுவான். கிளிநொச்சியில் நான் தொழில் பழகிய நாளில், ஒரு பெட்டியைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

முதியவர் ஒருவர், துவிச்சக்கரவண்டியின் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்த ஐரோப்பிய வால்வு வானொலி அது. பேச்சுக் கேட்டது, ஆனால் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வால்வுகள் நல்ல நிலையில் இருந்தன. மெழுகுக் கடதாசிக் கொள்ளளவிகள் சிலவற்றை மாற்றியபின் ஒலி தெளிந்தது. இனி இடைநிலை மீடிறனைச் சீர்செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணி, அந்தப் பெயருக்குரியதென்று எவரோ தந்திருந்த நிழற்பிரதித் தாளை எடுத்துப் பார்த்து, அதில் 455 கிலோஹேர்ட்ஸ் என்று கண்டபடியே சுருள்களின் கருக்களைத் திருகினேன். கொழும்பு நிலையம் உரத்துக் கேட்டது. ஆனால் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சிற்றலையிலே தூரத்து நிலையங்கள் பல காணாமற் போய்விட்டன. என் குருநாதர் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திருப்பி, சட்டகத்தின் பின்பக்கத்தை எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்தார். கச்சான் காற்றுக் கொண்டுவந்து சேர்த்த செம்புழுதிக்குக் கீழே, மங்கிய மையில், 470 என்ற எண் தெரிந்தது. "முதல் பெட்டியை வாசியும் தம்பி, பிறகு புத்தகத்தை வாசிக்கலாம்" என்றார்.

இந்தப் பதினைந்து கிலோஹேர்ட்ஸ் வித்தியாசம் ஏன் அவ்வளவு பெரிய காரியமாகிறது என்பதை அறிய, வானொலி வாங்கியின் உள்ளே நடப்பதைச் சற்றே பார்க்கவேண்டும். 1918ஆம் ஆண்டில் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கர் வகுத்த முறையிலேதான் பிற்காலத்து வானொலிகளிற் பெரும்பாலானவை இயங்குகின்றன. வானத்திலிருந்து வரும் அலை எந்த மீடிறனுடையதாயினும், அதை அப்படியே பெருப்பிக்க முயலாமல், பெட்டிக்குள்ளேயே பிறப்பிக்கப்படும் இன்னோர் அலையோடு கலந்து, இரண்டின் வித்தியாசமாகப் பிறக்கும் ஒரு நிலையான மீடிறனுக்கு இறக்கி, அதன்பின் பெருப்பிப்பதே அந்த முறையின் சாரம். அந்த நிலையான மீடிறனே இடைநிலை மீடிறன் எனப்படும். 1000 கிலோஹேர்ட்ஸ் நிலையத்தைக் கேட்க வேண்டுமானால், இடைநிலை 470 ஆக அமைந்த பெட்டியின் உள்ளலை 1470இல் நிற்கவேண்டும். 455 ஆக அமைந்ததில் 1455இல் நிற்கவேண்டும். முள்ளின் தகட்டில் அச்சிட்ட எண்களும், சுருளின் சுற்றுகளும், உள்ளலையோடு தொடராய் நிற்கும் கொள்ளளவியின் பெறுமானமும் அந்த ஒரே எண்ணை உத்தேசித்தே கணிக்கப்பட்டவை. 470க்குப் பிறந்த பெட்டியை 455க்குத் திருகினால், 1000இல் உள்ள நிலையம் முள்ளிலே 985இல் பேசும். வான்கம்பிப் பக்கத்துச் சுற்றோ 985ஐயே நாடி நிற்பதால் வந்த அலையில் ஒரு பங்கை இழந்துவிடும். வலிய நிலையம் இந்த இழப்பைத் தாங்கும். மெலிந்த நிலையம் தாங்காது. நான் செய்த பிழையின் முழுவடிவம் இதுதான். என் தாள் பொய்யான தாளன்று. அதே பெயரில் வெளிவந்த வேறொரு பெட்டிக்கு உரிய உண்மையான தாள்.

ஒரே பெயரில் வேறு வேறு பெட்டிகள் பிறப்பதற்குக் காரணங்கள் பல. வால்வு ஒன்று கிடைப்பது அரிதாகிவிட்டால் கம்பனி வேறொன்றைப் பொருத்தும். குறையொன்று வெளிப்பட்டால் ஒரு தடையியைச் சேர்த்து அதனை நீக்கும். மலிவான உறுப்புக் கிடைத்தால் பழையதை விலக்கும். இவற்றைக் காட்டிலும் நம்மவருக்கு முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அந்நாளில் ஐரோப்பாவில் நெட்டலை ஒலிபரப்பு மிகுதியாயிருந்தது. ஆசிய, ஆபிரிக்க தேசங்களிற் சிற்றலையே உயிர்நாடியாயிருந்தது. ஆகவே ஐரோப்பியக் கம்பனிகள் கடல் கடந்து அனுப்பிய பெட்டிகளில் நெட்டலையை எடுத்துவிட்டுச் சிற்றலை வரிசைகளைக் கூட்டினார்கள். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில் எட்வேர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் ஒலிபரப்புத் தொடங்கிய காலந்தொட்டு இலங்கைக்கு வந்திறங்கிய வெளிநாட்டுப் பெட்டிகளில் இத்தகையவை அநேகம். இன்று கைக்குக் கைமாறி நம்மிடம் வந்துசேரும் கைந்நூல்களோ பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளுக்காகச் செய்த பெட்டிகளைப் பற்றியவை. அலைமாற்றும் விசையில் நான்கு நிலைகள் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டு, மூன்றே நிலைகள் வரைந்த படத்தைப் பார்ப்பவர், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒருநாள் முழுவதும் திகைக்க நேரிடும்.

பெயரின் கடைசியில் நிற்கும் ஒற்றை எழுத்தைக்கூட அலட்சியம் செய்தல் கூடாது. பிலிப்ஸ் கம்பனியின் பழைய ஐரோப்பியப் பெட்டிகளில், எண்களுக்குப் பின் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து நின்றால் அது ஆடலோட்டத்துக்கு மாத்திரம் உரியது. 'யு' நின்றால் ஆடலோட்டம், நேரோட்டம் இரண்டுக்கும் பொதுவானது. 'பி' பற்றரிக்கும், 'ரி' திரான்சிற்றருக்கும் அறிகுறி. ஏ வகையிற் பெரும்பாலானவற்றில் நிலைமாற்றி ஒன்று வீட்டு மின்சாரத்தைச் சட்டகத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது; யு வகையில் அந்தப் பிரிவினை இல்லை; மின்கம்பியின் ஒரு முனை நேரே சட்டகத்தோடு சேர்ந்திருக்கும். செருகியை மாற்றிச் செருகினால், அல்லது சுவரிலுள்ள கம்பிகள் மாறியிருந்தால், 230 வோல்ற்றும் அந்த வெற்று உலோகத்தில் வந்து நிற்கும். ஏ வகையின் தாளை விரித்துவைத்து, சட்டகத்தைத் தொடலாம் என்ற நம்பிக்கையோடு யு வகையில் கைவைப்பவருக்கு நேரக்கூடியதை நான் சொல்லவேண்டியதில்லை. தாளின் பதிப்பைச் சரிபார்ப்பது உயிரைக் காக்கும் காரியமும் ஆகிறது என்பதற்கு இந்த ஓரெழுத்தே போதிய சாட்சி.

திரான்சிற்றர் வானொலிகளில் அபாயம் குறைவு. ஆனால் மயக்கம் அதிகம். முற்காலத்துத் திரான்சிற்றர்கள் ஜேர்மானியத்தால் ஆனவை. பின்னர் வந்தவை சிலிக்கனால் ஆனவை. ஜேர்மானியத் திரான்சிற்றர் வேலை செய்யும்போது அதன் அடிவாய்க்கும் காலிவாய்க்கும் இடையே 0.2 வோல்ற்று அளவில் இருக்கும். சிலிக்கனில் அது 0.6 அல்லது 0.7. அக்காலத்து ஜேர்மானியச் சுற்றுகளிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனை சட்டகத்தைச் சேர்ந்திருந்தது. சிலிக்கன் வந்தபின் எதிர்முனை சேர்வது வழக்கமாயிற்று. உற்பத்தியின் நடுவிலே ஜேர்மானியத்திலிருந்து சிலிக்கனுக்கு மாறிய பெட்டியொன்று திருத்த வந்து, கையிலுள்ள தாள் மாற்றத்துக்கு முந்தியதாயின், 0.65 வோல்ற்றைக் கண்டவுடன் திரான்சிற்றர் பழுதென்று கழற்றி எறியத் தோன்றும். அது பழுதன்று; அதுவே அதன் ஆரோக்கியம்.

அளவுகளைப் பற்றிச் சொல்லும்போது அளந்த கருவியையும் மறத்தலாகாது. 200 வோல்ற்று ஊற்றிலிருந்து ஒரு லட்சம் ஓம் தடையி வழியாக வரும் ஒரு புள்ளியில், வேறெந்த மின்னோட்டமும் இல்லையென்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ற்றுக்கு 1000 ஓம் என்ற பழைய முள்மானியை 250 வோல்ற்று வரிசையில் அங்கே வைத்தால், மானியே இரண்டரை லட்சம் ஓம் தடையாக நின்று மின்னை இழுத்துக்கொள்வதால் 143 வோல்ற்றுத்தான் காட்டும். இன்றைய இலக்கப் பல்மானியின் தடை ஒரு கோடி ஓம்; அது 198 காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை. எந்த மானியால் அளந்து எழுதிய அட்டவணை என்பதைக் கைந்நூலின் முதற்பக்கத்தில் ஒரு சிறுகுறிப்பாக அச்சிட்டிருப்பார்கள். நிழற்பிரதி எடுப்பவர் வேண்டாமென்று விட்டுவிடும் பக்கமும் பெரும்பாலும் அதுவே. குறியீடுகளும் காலத்தோடு மாறின. பழைய அமெரிக்கப் படங்களில் தடையியின் அருகே 'எம்' என்ற எழுத்து நின்றால் உரோம எண்முறைப்படி அது ஆயிரம்; பிற்காலத்துப் படங்களில் அதே எழுத்துப் பத்து லட்சம். ஓரெழுத்திலே ஆயிரம் மடங்கு பிழை ஒளிந்திருக்கிறது.

இவையெல்லாம் நமக்குப் புதியனவா என்று யோசித்தால், அல்ல என்றே தோன்றுகிறது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது அவர்களுக்கு முன் நின்ற இடர் இதுவேதான். ஒரே நூலின் பெயரைத் தாங்கிய ஏடுகள் பல. ஒன்றுக்கொன்று பாடபேதம் பல. எது மூலம், எது ஏடெழுதுவோர் பிழை, எது பின்னே வந்த ஒருவர் சேர்த்தது என்று ஒப்புநோக்கித் துணிய வேண்டியிருந்தது. ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. ஓலையிலே புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதிச் சென்றார்கள். வாசிப்பவர் இடத்தைக்கொண்டு புள்ளியை ஊகித்துக்கொள்ள வேண்டும். நிழற்பிரதியின் நிழற்பிரதியிலும் முதலில் அழிவது புள்ளிதான். 4.7 என்றிருந்தது 47 ஆகிவிடுகிறது. இந்த அபாயத்தை உணர்ந்தே, புள்ளி நிற்கும் இடத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்தையே வைத்து 4கே7 என்று எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். புள்ளி அழியும், எழுத்து அவ்வளவு எளிதில் அழியாது. ஓலைக்கு நேர்ந்ததும் கடதாசிக்கு நேர்ந்ததும் ஒன்றே.

பதிப்புகளைக் கணக்கில் வைத்திருக்கும் கலையைப் பெரிய ஸ்தாபனங்கள் வெகு கவனத்தோடு வளர்த்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நமது வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளமொன்று இருந்தது. அந்தப் படை அந்நாளிற் பெருவாரியாகப் பயன்படுத்திய ஆர்1155 என்ற வாங்கிக்கு எழுத்தடையாளத்தால் வேறுபட்ட பல வகைகள் உண்டு. அவற்றுள் 'எல்', 'என்' என்ற இரண்டிலும் மிகத் தாழ்ந்த மீடிறன் வரிசை நீக்கப்பட்டு, 1.5 முதல் 3 மெகாஹேர்ட்ஸ் வரையான வரிசை இடம்பெற்றது. இவ்வளவு வேறுபாடுகளை ஒரு படை எவ்வாறு சமாளித்தது? அதன் கைந்நூல்கள் கழற்றிச் சேர்க்கக்கூடிய தாள்களாக இருந்தன. திருத்தம் வரும்போதெல்லாம் பழைய தாளை எடுத்துப் புதியதைச் செருகி, முகப்பிலுள்ள திருத்தப் பதிவேட்டில் இத்தனையாம் திருத்தம், இன்ன திகதி, இன்னார் செருகினார் என்று ஒப்பமிட வேண்டும். ஹியூலெட்-பக்கார்ட் கம்பனி தன் அளவைக் கருவிகளில் இன்னொரு வழியைக் கையாண்டது. தொடரிலக்கத்தின் முன்னால் 1234 என்று நின்றால், 12ஐ 1960உடன் கூட்டி 1972 என்றும், 34ஐ அவ்வாண்டின் முப்பத்துநான்காம் வாரம் என்றும் கொள்ளவேண்டும். அது கருவி பிறந்த நாள் அன்று. அதன் அமைப்பில் முக்கியமான மாற்றம் கடைசியாக நிகழ்ந்த வாரம். கைந்நூலின் முகப்பிலும் அது எந்தத் தொடரிலக்கங்களுக்கு உரியதென்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒட்டிப்பார்த்தால் போதும். வீட்டு வானொலிகளுக்கோ, அமெரிக்காவில் ஜோன் ரைடர் 1931 முதலாகப் பெருந்தொகுதிகளாகவும், ஹவார்ட் சாம்ஸ் 1946 முதலாக உறைகளில் அடுக்கிய தாள்களாகவும் படங்களைத் திரட்டி வெளியிட்டார்கள்.

வன்னிக்கு இந்த நூல்களெல்லாம் வந்துசேர்ந்தாலும், எந்த நூலிலும் இல்லாத ஒரு பதிப்பு இங்கேயே பிறந்தது. 1990களில், உள்நாட்டு யுத்தத்தின்போது, வடபகுதியின் பல இடங்களில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிகள் வருவதற்குத் தடையும் இருந்தது. அந்த இரவுகளில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ஊரே கூடி இலண்டன் தமிழோசையின் செய்தியைக் கேட்டது. 1941இல் தொடங்கிய அந்தச் சேவையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்பிரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. ஆனால் அதைக் கேட்ட பெட்டிகள் இன்னும் திருத்த வருகின்றன.

அவற்றைத் திறந்து பார்ப்பவர், விஞ்ஞானம் நன்கு அறிந்த ஒருவரின் கைவேலையை அங்கே காணலாம். துவிச்சக்கரவண்டி டைனமோ வழக்கமாக 6 வோல்ற்றுக்கும் 3 வாற்றுக்கும் செய்யப்படுவது. அது தருவது ஆடலோட்டம். நான்கு பற்றரிகளால் இயங்கும் பெட்டிக்கு வேண்டியதும் 6 வோல்ற்றுத்தான். ஆனால் நேரோட்டமாக வேண்டும். ஆகவே நான்கு இருவாயிகளைச் சதுரமாக இணைத்து, எந்தத் திசையில் வந்த ஓட்டத்தையும் ஒரே திசையிற் செலுத்தி, மிதியின் துடிப்பெல்லாம் ஒலியில் இரைச்சலாக வராதபடி பெரியதொரு கொள்ளளவியால் அதை மட்டப்படுத்த வேண்டும். இருவாயிகள் சிலிக்கனாயின் அவற்றைக் கடப்பதிலேயே 1.4 வோல்ற்றுப் போய்விடும். வேறோர் இடரும் உண்டு. டைனமோ விளக்குக்காகச் செய்யப்பட்டது. விளக்கோ அரை அம்பியரைக் கொள்ளும். சிறிய வானொலிக்குச் சில பத்து மில்லியம்பியர் போதும். சுமை அவ்வளவு குறைந்துவிட்டால், வேகமாக மிதிக்கும்போது டைனமோவின் அழுத்தம் 6 வோல்ற்றைக் கடந்து வெகுவாக உயர்ந்து பெட்டியை எரித்துவிடும். விளக்குக் குமிழையும் பக்கத்திலே எரியவிட்டால் அதுவே சுமையாக நின்று அழுத்தத்தை அடக்கும். இந்த மாற்றங்களைச் செய்தவர்களில் எத்தனையோ பேர் இடம்பெயர்ந்து போனார்கள்; அவர்களின் குறிப்புப் புத்தகங்கள் மாரி மழையிலும் கறையானிலும் ஓட்டத்திலும் அழிந்தன. பற்றரி அறைக்குள் ஒட்டியிருக்கும் நான்கு இருவாயிகளே அவர்கள் எழுதிவைத்த ஏடு.

அந்த ஏட்டைக் குப்பையென்று பிடுங்கி எறியும் திருத்துநரைக் காணும்போது என் மனம் வருந்துகிறது. பெட்டிக்கு மூலபாடம் ஒன்றுண்டு. கம்பனி பின்னாளிற் செய்த திருத்தங்கள் உண்டு. கை தவறிச் செய்த பிழைகளும் உண்டு. இவற்றோடு, இந்த மண்ணின் அவசியம் எழுதிய பாடமும் உண்டு. நான்கையும் பிரித்தறிவதே திருத்துநரின் படிப்பு. இதற்குப் பெரிய வசதி ஒன்றும் வேண்டியதில்லை. பெட்டி வந்தவுடன், ஒரு திருகாணியையும் தொடுவதற்கு முன்னர், அதன் முழுப் பெயரையும் கடைசி எழுத்தோடு சேர்த்து, தொடரிலக்கம், வால்வு அல்லது திரான்சிற்றர்களின் பெயர், அலைவரிசைகள், சட்டகத்தில் கண்ட எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கையிலுள்ள கைந்நூலோடு அவற்றை ஒப்புநோக்கி, ஒவ்வாத இடங்களை ஓரத்தில் பென்சிலால் திகதியிட்டுக் குறிக்கவேண்டும். அச்சிட்டதை அழிக்கக் கூடாது. புதிய பதிப்புக் கிடைத்துவிட்டதென்று பழையதை எறிதலும் ஆகாது, ஏனெனில் நாளை வரும் பெட்டி பழையதாக இருக்கலாம். பிரதி எடுக்கும்போது முகப்பையும், மடித்த படத்தையும், இறுதியிற் செருகிய திருத்தத் தாள்களையும் விடாமல் எடுத்து, எவரிடமிருந்து எந்த நாளிற் பெற்றது என்றும் எழுதிவைக்க வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிக் காத்துவரும் நூலகம் நிறுவனத்தின் உழைப்பை அறிந்தவர்களுக்கு, பழைய பத்திரிகையும் ஓலைச்சுவடியும் போலவே ஒரு திருத்துநரின் எண்ணெய்க் கறை படிந்த கொப்பியும் காக்கத்தக்கதே என்பதை நான் விளக்கவேண்டிய அவசியமில்லை.

நான் கெடுத்த அந்தப் பெட்டியை, குருநாதர் பக்கத்தில் இருக்க, மறுபடியும் 470க்கே சீர்செய்தேன். முள் தன் இடத்துக்கு வந்தது. மறைந்த நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின்மூடியைப் பூட்டுமுன் அவர் ஒரு சிறு கடதாசித் துண்டை எடுத்து, இடைநிலை மீடிறன், மாற்றிய கொள்ளளவிகளின் பெறுமானம், அன்றைய திகதி ஆகியவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். சற்றே யோசித்துவிட்டு, 455க்கு ஒருமுறை தவறாகத் திருகப்பட்டது என்பதையும் அதன்கீழ் எழுதினார். அதை ஏன் எழுதவேண்டும் என்று நான் கூச்சத்தோடு கேட்டபோது, "கருவில திருகின அடையாளம் கிடக்குது தம்பி, நாளைக்கு இதைத் திறக்கிறவன் அது ஏனெண்டு யோசிப்பான்" என்றார். அன்று முதல் என் மேசைக்கு வரும் எந்தப் பெட்டியும் அப்படி ஒரு துண்டு இல்லாமல் வீடு திரும்பியதில்லை.